நீல நகமும் மஞ்சள் சாயமும்

எங்கள் ஆரணியில் எமர்ஜென்சி வார்டு நர்ஸுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. சாயப்பட்டறை ஆட்களின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினால், நகத்தில் ஏறிய சாயத்தால் அது எதையாவது காட்டும். இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் இதைக் கரைத்துக் குடித்தவள். அந்தக் கர்வம்தான் அன்று என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, சேவூரில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கூட்டிவந்தார். கணவருக்கு ஆஸ்துமா. பேச முடியாமல் மூச்சு வாங்கினார். நகமெல்லாம் நீலம். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜனை கிளிப் எழுபத்தெட்டு என்று காட்டியது. டியூட்டி டாக்டர் பிரசவ வார்டில் இருந்தார்.

"சாயம்மா அது, பயப்படாதீங்க. தொடச்சிட்டுப் பாக்கலாம்" என்று ஸ்பிரிட் பஞ்சால் நகத்தைத் தேய்த்தேன். ஸ்டெத் வைத்துக் கேட்டேன்; ஆஸ்துமாக்காரர் நெஞ்சில் வழக்கமாகக் கேட்கும் விசில் சத்தம் இல்லை. அதையும் நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சிஸ்டர், நாலு நாளா மஞ்சதான் போட்டுகினு இருக்கோம். நீலத்தொட்டி பக்கமே போவல. நீலம் எங்கருந்து வரும்?"

கணவரின் உள்ளங்கையைத் திருப்பினேன். மஞ்சள். பஞ்சைக் கீழே போட்டேன்.

"நாக்க நீட்டுங்கண்ணே."

நாக்கும் நீலம். அது சாயமில்லை, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்த நீலம். காற்றே சரியாகப் போகாத நெஞ்சில் விசில் எப்படிக் கேட்கும்?

வார்டு பணியாளரை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தேன், நெபுலைசர் வைத்தேன், கையில் ஐ.வி. லைன் போட்டேன். டாக்டர் வரும்வரை நர்ஸ் செய்யலாம் என்று எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் வேலைகள்தான் எல்லாம். பஞ்சோடு நான் தொலைத்த மூன்று நிமிஷத்துக்கு மட்டும் சுவரில் பதில் இல்லை.

டாக்டர் வந்து ஊசி போட்டார். அரைமணி கழித்து நெஞ்சில் விசில் கேட்டது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"நல்லவேளை சிஸ்டர், ஆரம்பிச்சிட்டீங்க" என்றார் டாக்டர்.

"நான் இல்ல சார், இந்தம்மா" என்றேன். அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் கணவரின் குரல் வந்தது. "ஜல்தி அனுப்புங்க சிஸ்டர், நூல் காயுது."

"மூச்சு வந்ததும் பேச்சப் பாரு!" என்று திட்டிக்கொண்டே அந்த அம்மா அழுதார்.

ஊசி போட, குழாய் மாட்ட எனக்கு அனுமதி வேண்டும். கேள்வி கேட்க யார் அனுமதியும் வேண்டாம். இப்போதெல்லாம் பட்டறைக்காரர் யார் வந்தாலும், கிளிப்பை மாட்டும் கையோடு கேட்டுவிடுகிறேன்.

"இந்த வாரம் என்ன கலருங்க?"