அருவிக்கு வந்த பிரியாணித் தேக்சா

சித்தையன்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காலையிலிருந்து ஆற்றை ஒட்டியே மலைக்குள் நடக்கிறேன். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே பிரியாணி வாசம் மூக்கில் ஏறுகிறது. எங்கள் திண்டுக்கல்காரன் சீரகச் சம்பாவை விட்டுவிட்டு மலையேறுவானா? ஒரு கூட்டம் பெரிய தேக்சாவைக் கம்பில் கட்டி, சாமி சப்பரம் மாதிரி தோளில் தூக்கி வந்திருக்கிறது. அருவியை ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் குகைதான் சமையல்கட்டு. புகை தாங்காமல் வௌவால்கள் பட்டப்பகலில் வெளியே பறக்கின்றன.

சாப்பிட்டு முடித்ததும் மீசைக்காரர் ஒருவர் தேக்சாவை ஆற்றில் சாய்த்து, சோப்புத்தூள் கொட்டித் தேய்க்கிறார். நெய் வட்டம் வட்டமாகக் கீழே மிதந்து போகிறது.

"அண்ணே, இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமா?" என்கிறேன்.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீக? ஆத்தூர் டேமுக்குப் போயி, அங்கருந்து நம்ம டவுனுக்குத்தான் குடிக்க வருது. இம்புட்டு ருசியான தண்ணி வேற எந்த ஊர்ல இருக்கு?"

அவர் பேச்சில் பெருமை வழிகிறது. தேக்சாவில் நுரை வழிகிறது.

அவர் முகத்தைப் பார்த்தபடியே, வேண்டுமென்றே குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளுகிறேன். மனிதர் பதறிப்போய் என் கையைத் தட்டிவிடுகிறார்.

"ஐயையோ, இதைப் போயி குடிக்கிறீகளே! செத்த இருங்க." பையிலிருந்து மூடி திறக்காத பாட்டில் தண்ணீரை எடுத்து நீட்டுகிறார். "ஆத்துத் தண்ணிய வீட்டுக்குப் போயி குழாய்ல பிடிச்சுக் குடிச்சுக்கங்க."