மகிழஞ்செடிக்கு நான் வெட்டிய பாத்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு செடிக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன். இடுப்பு உயரம்கூட இல்லாத மகிழஞ்செடி. இலைகள் ஓரம் கருகித் தொங்கிக்கொண்டிருந்தன.

செடி என்னுடையதில்லை. வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜெசிந்தாவுடையது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் அருள்ராஜ் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். போன வருஷம் ஒரு மத்தியானம், வேலை பார்த்துக்கொண்டிருந்த டேபிள் பக்கத்திலேயே சாய்ந்தவர்... எழுந்திருக்கவில்லை.

அடக்கம் சொந்த ஊரில். கல்லறைக்குப் போக வேண்டுமென்றால் லீவு போட்டு இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் ஒருநாள் என்னிடம் வந்து, "இங்கனயே அவுக நினைப்புக்கு ஒரு மரம் வச்சுக்கிடட்டுமாண்ணே?" என்று கேட்டார். மறுக்க மனசு வருமா?

நர்சரியிலிருந்து கறுப்புப் பையில் செடி வந்தது. அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — குண்டடத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது என்பதை எப்படியாவது சொல்லிவிடுகிற ஆள் நான். தென்னைக்கு எப்படியோ அப்படியே இதற்கும். தண்டைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்தேன். மூன்றடி தள்ளி அழகாக ஒரு வட்டப்பாத்தி!

முதல் நாள் ஜெசிந்தா குடத்தைத் தண்டுப் பக்கம் சாய்த்தார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"அடியில ஊத்தாதீங்க அம்மிணி, தண்டு அழுகிப் போயிரும். பாத்தியில ஊத்துங்க. வேரு தானா தேடி வந்துரும்."

ஒரு நிமிஷம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாத்தியில் ஊற்றினார். தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு குடம். இலை வாட ஆரம்பித்ததும், தண்ணீர் போதவில்லை என்றேன். நான்கு குடமாயிற்று.

கடைசியில் நர்சரிக்காரரையே கூட்டிவந்தேன். அவர் தண்டுக்குப் பக்கத்தில் விரலை விட்டுத் தோண்டினார். சுற்றிலும் சேறு. நடுவில் மட்டும் தூள் பறந்தது.

"ஏனுங்க, பையில நாங்க போட்டது தேங்காய் நார்த்தூளுங்க. ஒருக்கா காஞ்சா லேசுல தண்ணி குடிக்காது. வேரு இன்னும் அந்த உருண்டைக்குள்ளதான் கெடக்குது. நீங்க மூணடி தள்ளி ஊத்துனா அதுக்கு எப்படீங்க எட்டும்? புதுசா வச்ச செடிக்கு மொதல்ல அடியிலதானுங்க ஊத்தோணும், மெதுவா."

சுற்றிலும் ஈரம், நடுவில் தாகம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கும் அப்பவே தோணுச்சுண்ணே. பையில இருந்தப்ப அடியிலதான ஊத்துனாகன்னு. நீங்க தோப்பு வச்சிருக்கறவுக, உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

மண்ணைக் கையால் ஒதுக்கினார்.

"அவுகளுக்கும் இப்படித்தாண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆசுபத்திரிக்குப் போவோம்னு நான் சொன்னேன். கம்பெனியில எல்லாரும் வாயுன்னாக, சோடா வாங்கிக் குடுத்தாக. நாலு தெரிஞ்சவுக சொல்றாகளேன்னு... நான் வாய மூடிக்கிட்டேன்."

அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் இருந்திருந்தால்? நானும் வாயு என்றுதான் சொல்லியிருப்பேன்... அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக.

செடி பிழைக்குமா என்று நர்சரிக்காரர் உறுதி சொல்லவில்லை. இப்போது ஜெசிந்தா தினமும் அடித்தண்டில், கொஞ்சம் கொஞ்சமாக, நின்று ஊற்றுகிறார். எப்படி ஊற்ற வேண்டும் என்று யாரையும் கேட்பதில்லை.

நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வாயைத் திறக்காமல்.