வெறுங்கால் நிக்கொலஸ்

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்குப் போகிற காலை பஸ்ஸில், நீளமான கறுப்புப் பையைப் பிள்ளையைப்போல மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒருவன் இருந்தால் அது நிக்கொலஸ்தான். பைக்குள் அடிச் சுரங்கள் வாசிக்கிற பேஸ் கிட்டார். கல்யாண வீடு, கோயில் திருநாள், கல்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் என்று மீசை முளைத்த காலம் தொட்டு அவனுக்கு இதுதான் தொழில். மேடைக்கு ஏறும்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவான். மேடைக்குக் கொடுக்கிற மரியாதை என்று சனம் மெச்சிக்கொள்ளும். சிலாபத்தில் இரண்டு பொடியன்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் வெறுங்காலோடு வாசிக்கத் தொடங்கினார்கள். ஸ்டைலாம்.

மரியாதையும் இல்லை, ஸ்டைலும் இல்லை. நிக்கொலஸுக்குக் காது போய்விட்டது.

சுத்தமாகப் போகவில்லை. சத்தம் கேட்கும், சுரம் பிரியாது. பாட்டு முழுக்க ஒரே இரைச்சலாக வந்து காதில் மோதும். இத்தனை வருடம் ட்ரம்முக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. நரம்பு செத்துப்போனால் திரும்பி வராது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் காலால் கேட்கப் பழகிக்கொண்டான். கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற அவனுடைய அம்ப் பெரிய மரப்பெட்டி. பலகை மேடையில் அது அதிர்ந்தால் ஒவ்வொரு சுரமும் உள்ளங்கால் வழியாக ஏறும். கம்பிகளுக்குச் சுதி சேர்க்கப் போனில் ஒரு அப் இருந்தது. பச்சை வெளிச்சம் விழுந்தால் சரி. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி சுஜாந்தி. வெளியே வாய் திறக்கக் கூடாது என்று அவளிடம் புனித அன்னம்மாள் பேரில் சத்தியம் வாங்கியிருந்தான்.

காது போனாலும் வாய் குறையவில்லை. மற்ற பேஸ்காரர்களைப் பற்றிக் கதை வந்தால் போதும், நிக்கொலஸை நிறுத்த முடியாது. ஓடி ஓடி நூறு சுரம் அடிக்கிறவனெல்லாம் கண்ணாடி பார்க்கிறவன் என்பான். பேஸைக் கவனித்துக் கேட்க வைக்கக் கூடாது, ஆட வைக்க வேண்டும் என்பான். "நான் கையை எடுத்தா ஒருத்தரும் ஆட மாட்டாங்க, பாருங்க" என்பது அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வசனம். அது வெறும் பெருமையும் இல்லை. சனம் எழும்பி ஆடுகிற பைலாப் பாட்டில் கோரஸ் வருவதற்குச் சற்று முன்னால் தடித்த கம்பியில் ஒரு வழுக்கு வழுக்கி இறங்குவான். அந்த இடத்தில் கதிரையில் இருக்கிற கிழவிகளுக்கும் தோள் ஆடும். எத்தனையோ பேர் அதைப் பிடிக்கப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் வாய்க்கவில்லை.

அவன் வயிற்றில் நெருப்பைப் போட்டது ஒரு லெப்டொப். அவன் வாசிக்கிற இசைக்குழுவின் தலைவன் டெரன்ஸ், நிக்கொலஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன், கீபோர்ட் வாசிப்பவன், கிடைக்கிற புது மென்பொருளையெல்லாம் இறக்கிப் பார்க்காவிட்டால் நித்திரை வராதவன். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து அதற்குள் போட்டு வைப்பான். அது எப்போதாவது உதவும் என்பான். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. போன மழைக்காலம் முடிய, அம்ப்களையெல்லாம் விட்டுவிட்டு மேடைக்கு வந்தான்.

"இனி உந்தப் பெட்டிகளைச் சுமக்கத் தேவையில்லை மச்சான். எல்லா அம்பும் லெப்டொப்புக்குள்ளயே இருக்கு. காதுக்குள்ள இதைப் போட்டா சரி."

உள்ளங்கையில் அவரை விதை அளவில் ஒரு சாமான். முதுகு பிழைத்தது என்று மற்றவர்கள் கைதட்டினார்கள். நிக்கொலஸும் தட்டினான். தட்டும்போது கண் காலடிப் பலகைக்குப் போனது.

அப்படி அம்ப் இல்லாமல் வாசித்த முதல் நாள் ஒரு ஹோட்டல் முற்றம், காலுக்குக் கீழே கடல் மணல். மணல் ஒன்றையும் சொல்லவில்லை. காதுக்குள் அந்த விதை நுளம்பைப்போல இரைந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டு முழுக்க வேறு சுதியில் வாசித்துத் தள்ளினான். பாடிக்கொண்டிருந்த பொம்பிளைப் பிள்ளை திரும்பிப் பார்த்த பார்வையில்தான் அது அவனுக்கு விளங்கியது. காதில் போடுகிற சாமான் பழுது என்று பொய் சொன்னான். டெரன்ஸ் அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துத் தருவதாகச் சொன்னான்.

வீட்டில் சுஜாந்தி அவன் முகத்துக்கு நேரே வந்து, உதடு தெரிய நிதானமாகச் சொன்னாள்.

"டெரன்ஸிட்ட உள்ளதைச் சொல்லுங்க. அவர் மனுசன்."

"சொன்னா அடுத்த நாளே வேற ஆளைப் போடுவான். செவிடனை வச்சுக்கொண்டு யார் பேண்ட் நடத்துவான்? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

அவனுக்கு உண்மையாகவே வேறொன்றும் தெரியாது. கடலுக்குப் போனால் வாந்தி, தோட்டத்தில் குனிந்தால் இடுப்பு. மேடையில் நிற்கும்போது மட்டும்தான் தான் ஒரு ஆள் என்று அவனுக்குப் படும். அது போனால் மிச்சம் என்ன என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது சிலாபத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் மத்தியானக் கல்யாண விருந்து. புத்தளத்திலிருந்து வந்த டெரன்ஸின் வேன் பாலாவியில் அவனை ஏற்றிக்கொண்டது. வழி நெடுக நிக்கொலஸ் மனதுக்குள் செபித்தான். அன்னம்மாளே, இன்றைக்கு மட்டும். மண்டபத்தில் மேடையைக் காலால் தட்டிப் பார்த்தான். மேடையும் தரையும் டைல்ஸ் பதித்த கொங்கிறீட், ஒன்றும் அதிராது. டெரன்ஸ் அவனைப் பின்னால் ஒரு மூலையில், ஸ்பீக்கர்களுக்கு எட்டாத இடத்தில் நிறுத்தினான்.

செருப்பைக் கழற்றாமல், கண்ணால் வாசிப்பது என்று முடிவு செய்தான். ட்ரம் வாசிக்கும் தினுஷனுடைய வலது கால் தாளத்துக்கு, டெரன்ஸுடைய இடது கை சுரத்துக்கு. வேறெங்கும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பெண்ணையும் பார்க்கவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. முதல் பாட்டு முடிந்தது. யாரும் முறைக்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. பாடுகிற பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தாள். சாப்பாட்டு இடைவேளையில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தினுஷன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

"அண்ணே, இண்டைக்குக் கலக்கிட்டீங்க."

நிக்கொலஸ் கழுவுகிற இடத்தில் முகத்தில் தண்ணீர் அடிக்கிற சாக்கில் அழுதான். ஏலும். காது இல்லாமலும் வாசிக்க ஏலும். வீட்டுக்குப் போனதும் சுஜாந்திக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பைலா தொடங்கியது. சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழும்பியது. மாப்பிள்ளையின் மாமன் ஒருவர், தண்ணி போட்ட குஷியில் மேடைக்கு ஏறி, நிக்கொலஸைத் தோளோடு பிடித்துக் கீழே இழுத்து வந்துவிட்டார். கிட்டாரில் வயர் இல்லை, எங்கேயும் போகலாம். டெரன்ஸ் பதறிக் கையைக் காட்டினான். அதைக் கண்ட நிக்கொலஸ் என்னவென்று விளங்காமல் சிரித்தான். ஆடுகிறவர்கள் இடித்து இடித்து அவனை மேடையடியில் இருந்த பெரிய கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியோடு சாய்த்தார்கள். அடிச் சத்தமெல்லாம் அதற்குள்ளிருந்துதான் வரும். யாரோ பலமாக இடித்ததில் அவன் கை கம்பியை விட்டது. விழாமல் இருக்க உள்ளங்கையைப் பெட்டியில் ஊன்றினான்.

பெட்டி பேஸ் வாசித்துக்கொண்டிருந்தது.

ட்ரம்மாக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. சுரம் சுரமாக உள்ளங்கையில் ஏறியது. மற்றக் கையையும் கம்பியிலிருந்து எடுத்தான். இரண்டு கையும் சும்மா இருந்தன. பேஸ் நிற்கவில்லை. சனமும் நிற்கவில்லை. மாமன் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினார், கிழவிகள் தோளை ஆட்டினார்கள். கோரஸுக்குச் சற்று முன்னால் தடித்த கம்பியில் ஒரு வழுக்கு வழுக்கி இறங்கியது. வேறு ஒருவனுக்கும் வாய்க்காத அந்த வழுக்கு. காது இருந்த நாளில் அவனே வாசித்தது.

பாட்டு முடிந்தது. டெரன்ஸ் மேடையிலிருந்து குதித்து அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றான். சுஜாந்தியைப் போலவே உதடு தெரிய நிதானமாகப் பேசினான். அதைக் கண்டதுமே நிக்கொலஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சுஜாந்தி போன கிழமை வந்து கதைச்சவ. அவவோட கோவிக்காத. உன்னை விட்டுட எனக்கு ஏலாது மச்சான். அதுதான் உன்ட கிட்டாரை நிப்பாட்டிட்டு, லெப்டொப்பில இருந்த உன்ட பழைய வாசிப்பைப் போட்டனான். நீ சும்மா நிண்டா போதும், ஒருத்தருக்கும் தெரியாது. சாகுமட்டும் உனக்கு இடம் இருக்கு."

இடம் போய்விடும் என்று பயந்து பயந்து செத்தவனுக்கு இடம் இருக்கிறது என்கிறான். அதைவிட அறைந்திருக்கலாம். கிட்டாரைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போய்? பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து என்ன செய்வது?

"பெட்டிக்குள்ள இருக்கிறவன்..." என்று கேட்டான். குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. "நல்லா வாசிக்கிறானா?"

டெரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். சனம் அடுத்த பாட்டுக்குக் கைதட்டியது. டெரன்ஸ் மேடைக்கு ஓடினான்.

நிக்கொலஸ் காதிலிருந்த விதையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். செருப்பைக் கழற்றினான். முழங்காலைப் பெட்டியோடு அழுத்திக்கொண்டு விரல்களைக் கம்பியில் வைத்தான். தினுஷன் குச்சிகளைத் தட்டித் தாளம் கொடுத்தான். பெட்டிக்குள் இருந்தவன் தொடங்கினான். நிக்கொலஸ் அவனுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டு போனான்.