‘நோ’ சொல்லும் பாடம்

“…மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லப்படாது கண்ணு. ஊடு தேடி வந்தவரு. சார், நீங்களாச்சும் ஆகட்டும்னு மாத்திச் சொல்லீருங்க.”

சொன்னவர் பெருமாநல்லூர்ப் பக்கம் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். எதிரே ஹாலந்திலிருந்து சட்டை வாங்க வந்த பையர். நடுவே கம்பெனிக்காரருடைய மகள். பிளஸ் ஒன் படிப்பவள், என் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவள். பையர் கேட்ட தேதிக்குள் சரக்கு தர முடியாது என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். துணைக்கு வந்த வாத்தியாராக நான் ஓரத்தில்.

அவள் சொன்னதில் தப்பே கிடையாது. போன சீசனில் அவள் அப்பா இதேபோல ஒரு தேதிக்கு ‘ஆகட்டுங்க’ என்று தலையாட்டினார். சாயப்பட்டறையில் தாமதம், கூடவே கரண்ட் கட். கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, செலவு இவர் தலையில். இன்னொரு தடவை அப்படியானால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

அதனால்தான் வகுப்பில் ‘நோ’ சொல்லும் பாடம் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். எனக்கு யாரும் இங்கிலீஷ் சொல்லித் தரவில்லை. எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்த்தபோது வந்த ஃபேக்ஸ்களைப் படித்து நானாக ஒட்டவைத்துக்கொண்டது. என் வகுப்புப் பிள்ளைகளும் ஃபேக்ஸ் மாதிரியே பேசினார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவன்கூட “கைண்ட்லி கன்ஃபர்ம், சார்” என்று வாசலில் நிற்பான்.

நான் பையராக உட்கார்ந்து, “ஒரு வாரத்தில் முடியுமா?” என்று இங்கிலீஷில் கேட்டேன். வரிசையாக எல்லோரும் “ஷ்யூர் சார்.” ஏன்டா என்றால், “நோன்னா அடுத்த கம்பெனிக்குப் போயிருவாருங்க சார்” என்றான் ஒருவன். “அதுவுமில்லாம, உங்களப் பாத்தா பாவமா இருக்குதுங்க” என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

“நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்க சார்” என்றாள் இந்தப் பெண்.

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து, வகுப்பு நடக்கும் கட்டிடத்தின் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். “சாருங்க, நம்ம தம்பி பசங்க ரெண்டு பேரு. ஞாயித்துக்கிழமைல சும்மா ரெண்டு வார்த்த சொல்லிக் குடுத்தீங்கன்னா…”

“ஆகட்டுங்க” என்றேன்.

பெஞ்சுகள் ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் ‘நோ’ சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்தவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

இப்பேர்ப்பட்ட என்னிடம்தான் அவர் ‘மாத்திச் சொல்லீருங்க’ என்கிறார். நான் மாற்றினால் கம்பெனி போகும். மாற்றாவிட்டால் அவள் அப்பா மனசு கோணும். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன்.

“இன்னும் கொஞ்சம் டீ சாப்பிடுகிறீர்களா?” என்று பையரிடம் இங்கிலீஷில் கேட்டேன். இத்தனை வருட இங்கிலீஷ் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது அவ்வளவுதான்.

“நோ, தேங்க்யூ” என்றார் பையர், சிரித்த முகமாக.

மகளின் அப்பா நிமிர்ந்தார். “ஏனுங்க சார், டீ வேண்டாங்கறாரா?”

“ஆமாங்க.”

“நம்ம ஊட்டுல உக்காந்துக்கிட்டு, நம்ம மூஞ்சிக்கு நேராவா?”

“ஆமாங்க. கோபமெல்லாம் இல்லீங்க. அவிய ஊர்ல அப்படித்தானுங்க.”

அப்பா பையரின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அங்கே வருத்தம் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு பையர் பக்கம் திரும்பி, “நோங்க” என்றார். சொன்ன கையோடு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.