பொங்கியண்ணனின் தண்ணீர் முறை

எருத்தேன்பதியில் பொங்கியண்ணனுக்கும் அவனுடைய பெரியப்பா மகன் சின்னையனுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் இவன் முறை, மறுநாள் அவர் முறை. தன் நாளில் மோட்டார் போடாதவன் தண்ணீரை மற்றவர் இறைத்துக்கொள்ளலாம், கணக்குக் கிடையாது. இந்த வழக்கத்தைப் பொங்கியண்ணன் பெருந்தன்மையோடு காப்பாற்றி வந்தான். கொழிஞ்சாம்பாறைக் கொட்டகையில் படம் மாறிய நாளெல்லாம் அவன் தண்ணீர் சின்னையன் காட்டுக்குப் போயிற்று. சோம்பேறி என்று ஊர் சொன்னது. அதை மறுப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டுமே.

எழுபத்து நாலில், இருபத்தைந்து வயதில், அவன் கழுத்தில் ஒரு கட்டி எழுந்தது. கோயமுத்தூரில் சதையை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் பன்னும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பழைய சண்டைகளையெல்லாம் மன்னித்தார்கள். அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவர் சின்னையன்தான். கதிர்ச் சிகிச்சைக்குக் கரண்டு வைக்கும் அறை வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். தம்பி பிழைத்தால் மொட்டை போடுவதாகப் பழனிக்கு வேண்டிக்கொண்டார். இடையில் ஊருக்குப் போனபோது, தம்பியின் முறைத் தண்ணீரையும் நம்பிக் காடு முழுக்கக் கரும்பு நட்டார். இரண்டையும் உண்மையான மனதோடுதான் செய்தார்.

வைகாசியில் பொங்கியண்ணன் வீடு திரும்பினான். கழுத்துத் தோல் கருத்திருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் நம்பிக்கை கொடுத்திருந்தார், உறுதி கொடுக்கவில்லை. கரும்பைப் பார்த்தவன், மொட்டைத் தலையோடு வாசலில் நின்ற சின்னையனிடம் போனான்.

“ஏனுங்கண்ணா, கரும்பு எப்பங்க வெட்டு?”

“மாசியில வெட்டலாந் தம்பி.”

“அதுக்குள்ள நான் போயிருவனாக்கும்?”

“அப்பிடியெல்லாம் பேசாதே சாமி. தண்ணி சும்மாதான கெடந்துச்சு?”

“இனிக் கெடக்காதுங்க. என்ற மொறைக்கு நானே மோட்டார் போட்டுக்கறேன்.”

“இந்த ஒடம்பை வெச்சுட்டா? கையுங்காலும் நல்லா இருந்தப்பக் கொட்டாயில போயி உக்காந்துட்டு!”

“அப்ப நெறைய நாளு இருக்குதுன்னு நெனச்சனுங்க.”

சின்னையன் முகம் சுண்டிவிட்டது. ஒருவர் முறைத் தண்ணீரில் கரும்பு பாதிதான் தேறும். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பழனாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி பொழச்சுட்டான்னு மொட்டையும் அடிச்சாச்சு. பொழச்சதுனால கரும்பு காயுதுன்னு மொகத்தையும் தூக்கி வெச்சாச்சு. ஏனுங்க, ரெண்டுல ஒண்ணைச் செய்யுங்க.”

சின்னையன் தலையைத் தடவிக்கொண்டார். “செரி, போட்டுக்க. தட்டைப்பயிறு வெதச்சுடு. சுருக்கா வந்துரும்.”

“மஞ்சளுங்கண்ணா.”

“பத்து மாசமாவுமேடா!” என்றவர், அவன் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்தார்.

“ஆவட்டுங்க. உங்க கரும்பு வெட்டுனதுக்கப்பறந்தான் தோண்டுவேன்.”

சொன்னபடியே நட்டான். நட்ட மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் விட வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தவன், சில பாத்திகள் நிறைவதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் காட்டில், நுனி வாடத் தொடங்கியிருந்த கரும்புக்கு நடுவே நின்ற சின்னையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ திட்டிக்கொண்டே வந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

“கம்முனு உக்காந்து சொல்லு. அடுத்தது எந்தப் பாத்தி?”

பொங்கியண்ணன் கையை நீட்டிக் காட்டினான். அதுவரை தன் காட்டில் யாரையும் வேலை ஏவியிராதவன், அன்று சாயங்காலம் வரைக்கும் ஏவினான்.