அப்பா ஓட்டிய வண்டியும் அம்மா வைத்த சந்தனமும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. எழுத்தில்தான் அப்பா என்கிறேன். எனக்கும் தம்பிக்கும் அவர் என்றும் நைனாதான். முன்பக்கப் படத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருக்கிறார். அது அலுவலகத்துக்காக எடுத்த படம். அதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிட வேண்டாம்.

அப்பா பிறந்தது செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் ஒரு சிறிய விவசாயக் கிராமம். நான்கு வயதில் தகப்பனாரை இழந்தார். தாய்மாமன் வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டே படித்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, செங்கல்பட்டுத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மழையோ வெயிலோ, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நாற்காலியில் இருப்பார். பட்டாவுக்காக நடந்து நடந்து கால் தேய்ந்த எத்தனையோ பேருக்குத் தம் கையாலேயே மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களில் பலர் இந்த மலரையும் கையில் வாங்கியிருப்பார்கள்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவரே எழுந்து வந்து சிவப்பு மையால் திருத்துவார். அப்பாவுக்குப் பிடிவாதம் உண்டு. சாதாரணப் பிடிவாதம் இல்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதைவிட ஒரு மலையை நகர்த்துவது அவருக்குச் சுலபம். என் கல்யாணத்தில் அது எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்துவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முகூர்த்தம் முடிந்து பந்தி போடும்போது பெண்ணைப் பெற்றவர் நேரில் போய், சம்பந்தியின் கையைப் பிடித்து, "சாப்பிட வாங்க" என்று அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அப்பா சமையல் சாமான் வைத்திருந்த உக்கிராண அறையில் வாழை இலை நறுக்குவதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு வர மனமில்லாமல், சம்பந்தியைக் கூப்பிடச் சித்தப்பாவை அனுப்பிவிட்டார். என் மாமனாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பந்தலே கேட்கும்படி சொன்னார்.

"பொண்ணப் பெத்தவருக்கு இங்க வந்து கூப்பிடக் கால் வலிக்குதா? ஆபீசுல பியூன வுட்டுக் கூப்பிடற மாதிரி கூப்பிடறாரு!"

அது உக்கிராண அறைக்கும் கேட்டது. அன்று மாலை அப்பா அம்மாவிடம், "இனிமே அவரு வூட்ல ஒரு வாய் தண்ணிகூடத் தொட மாட்டேன்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது கதை.

நான் வாழ வந்த ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே, திருவிடந்தை போகிற வழியில், கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா என்னைப் பார்க்க வருவார். மாப்பிள்ளையோடு நன்றாகப் பேசுவார். என் மாமனாருக்கு ஒரு கும்பிடு போடுவார். அவரும் பதிலுக்கு ஒன்று போடுவார். இரண்டு பேரும் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள் மாதிரி அதோடு சரி. நான் நெத்திலிக் குழம்பு வைத்து, அடுக்களையில் இலையையும் கழுவி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நெத்திலி என்றால் அப்பாவுக்கு உயிர். "பசிக்கலம்மா" என்று எழுந்துவிடுவார். பஸ் மாறி, காத்திருந்து, வீடு போய்ச் சேர மாலை நான்கு மணி ஆகிவிடும். என் கையால் சமைத்து, என் வீட்டில், அப்பா ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது. அதைக் கேட்கத்தான் தைரியம் இல்லை.

இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு வயிற்றுப்புண் வந்துவிட்டது. இனி ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அம்மா கெஞ்சினார்.

"போன எடத்துல பொண்ணு கையால ஒரு வாய் சாப்பிட்டா இன்னா கொறைஞ்சி பூடும்?"

அடுத்த வாரம் அப்பா ஒரு மாட்டு வண்டியில் ஒரு மோட்டார் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். காலையில் கிளம்பி, என்னைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். ஒரு வாய்ச் சோறு வேண்டாம் என்பதற்காக ஒரு வண்டியையே வாங்கிய மனிதரை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இது நடந்தது எழுபத்து மூன்றில். அப்போது அப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்று. அதுவரை சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை.

வண்டி ஓடாத வண்டி. கேளம்பாக்கத்து உப்பளத்தில் யாரோ ஓட்டி, உப்புக் காற்றில் போட்டு வைத்து, கடைசியில் பழைய இரும்புக்காரர் கொல்லையில் சாய்ந்து கிடந்தது. சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா நைனா இது? ஓடற வண்டிய ஜனங்க வாங்குவாங்க. நீ கோழிக்கூண்ட வாங்கிக்கினு வந்துகீற!"

"ஓடற வண்டிய வாங்கினா அது எப்படி ஓடுதுன்னு நமக்குத் தெரியாது" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்கள் வீட்டுப் பின்கட்டு தாலுகா அலுவலகமாகவே மாறிவிட்டது என்று அம்மா சொல்வார். கழற்றிய ஒவ்வொரு திருகும் ஒரு பழைய உறையில் போகும். உறைமேல் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில், "சங்கிலி மூடி, இடப்புறம், மேல் திருகு" என்று இருக்கும். எல்லா உறைகளையும் அலுவலகக் கோப்புபோல நாடா போட்டுக் கட்டிவைப்பார். எஞ்சின் துருவேறி இறுகிப் போயிருந்தது. பஜாரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் சொன்னபடி, பிளக் துளை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாவது நாள் கொஞ்சம் அசைந்தது. அன்று அப்பா எங்கள் தெருவுக்கே காராசேவு வாங்கிக் கொடுத்தார்! பழைய சாமான்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்கு எத்தனை தடவை ரயிலேறினாரோ தெரியாது. கடைசியில் ஒரு ஞாயிறு காலை, உதைத்தார், உதைத்தார், திடீரென்று வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. பின்கட்டு முழுவதும் நீலப் புகை. அப்பா புகைக்குள் நின்றுகொண்டு சிரித்தார் என்று தம்பி எனக்குக் கடிதம் எழுதினான்.

ஓட்டக் கற்றுக்கொண்டது கொளவாய் ஏரிக்கரையில். கற்றுக் கொடுத்தவர் மெக்கானிக் பாய். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர்.

"சார், கிளச்ச கோப்புல கையெழுத்துப் போடற மாதிரி மெதுவா வுடுங்க. நீங்க ரப்பர் ஸ்டாம்பு குத்தற மாதிரி வுடறீங்க!"

அப்பா விழுந்தார். எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, மறுபடி ஏறினார். கொஞ்ச நாளில் வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறினார். லைசென்சுக்கு எட்டுப் போடச் சொன்னபோது முதல் முறை கால் ஊன்றிவிட்டார், தோல்வி. இரண்டாம் முறையும் தோல்வி. வீட்டுச் சுவரில் எட்டுப் போட்ட காகிதத்தை ஒட்டி, விரலால் சுற்றிச் சுற்றிப் பழகினாராம். மூன்றாம் முறை தேறிவிட்டார்.

முதல் பயணத்தன்று அம்மாவுக்கு ஒரே கவலை. ஐம்பது வயதுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிற புருஷனை எந்தச் சாமியிடம் ஒப்படைப்பது? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, வண்டியில் பளபளவென்று எது உருண்டையாகத் தெரிந்ததோ அதன்மேல் பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். அது பெட்ரோல் டாங்க்கின் மூடி. அன்று தொடங்கி, அப்பா என் வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா பொட்டு வைக்காமல் வண்டி நகராது.

அன்று திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடினார். உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. சில மைல் போனதும் மறுபடி நின்றது. என் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. வீடு திரும்பும்போது ஐந்து. பஸ்ஸே தேவலாம்!

இப்படியே மூன்று மாதம். செங்கல்பட்டுக்குள் எங்கே போனாலும் வண்டி குதிரை மாதிரி ஓடும்; என் வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும் நிற்கும். மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனால் அங்கே ஒரு கோளாறும் இருக்காது. பாய் எந்த வண்டியையும் முதலில் தலை முதல் கால் வரை துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். துடைத்த வண்டி எப்படி நிற்கும்? இது அப்போது யாருக்கும் தெரியாது.

"சம்பந்தி வூட்டுக்குப் போறதுன்னா வண்டிக்கே ரோஷம் வந்துடுது" என்றான் தம்பி. அப்பா சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. அப்பா என்னைப் பார்த்துப் பேசிவிட்டுக் கிளம்பினார். தோப்பு முனைவரை போன வண்டி நின்றுவிட்டது. மறுபடி உதைக்கத் தெம்பில்லாமல் வெயிலில் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் மோரை எடுத்துக்கொண்டு ஓடினேன். "வேணாம்மா" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போது என் மாமனார் தோட்டத்து ஆயில் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். அந்த எஞ்சினோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர் அவர். அப்பாவைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார்.

"எப்பப்ப நிக்கிது?"

அப்பாவும் வண்டியைப் பார்த்தே சொன்னார். "நாலஞ்சு மைலுக்கு ஒரு தடவ. பெட்ரோல் மூடியத் தொறந்து மூடினா கிளம்பிடுது."

மாமனார் குனிந்து மூடியைப் பார்த்தார். காய்ந்து இறுகிய சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை தெரிந்தது.

"இதோ கீது பாருங்க. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும். இத அடைச்சிட்டா வண்டி மூச்சு வுட முடியாம நின்னுடும். இங்க சந்தனம் வச்சது யாரு?"

"என் சம்சாரம்தான். நான் நல்லபடியா போய் வரணும்னு..." என்றார் அப்பா, இன்னும் வண்டியைப் பார்த்தபடியே.

என் மாமனார் சிரித்து ஊரைக் கூட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னிடம் ஒரு ஊக்கு வாங்கித் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"சம்பந்தி, இத அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க. மனசு ஒடஞ்சி பூடும். வச்சது வச்சபடி இருக்கட்டும். வழியில நீங்களே ஒரு குத்து குத்திட்டுப் போய்க்கினே இருங்க."

அப்பா ஊக்கை வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இப்போது கிளம்பினால் ஒரு மணிக்கு வீட்டில் சாப்பிடலாம். இதற்காகத்தானே இத்தனை பாடு! என் மாமனார் அருகில் வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"சாப்பிட வாங்க சம்பந்தி."

அப்பா ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான்தான் வந்து உங்க கையப் புடிச்சிக் கூப்பிட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"நானும் பந்தல்ல அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. வுடுங்க, நெத்திலி ஆறிடப் போவுது."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா மூன்று முறை சோறு கேட்டார். குழம்பில் அன்று உப்புக் கொஞ்சம் தூக்கல். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

அதற்குப் பின் ஐந்து வருடம் அந்த வண்டியில் அப்பா சுற்றாத இடமில்லை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துத் திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்கப் போனார். என் பிள்ளைகளை டாங்க்கின்மேல் உட்கார வைத்து மாமல்லபுரத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஞாயிறு சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஓய்வு பெற்ற பிறகு மாதத்துக்கு ஒன்று என்பது வாரத்துக்கு ஒன்றானது. சட்டை மாறினாலும் பையில் அந்த ஊக்கு மாறாது. அம்மா பொட்டு வைப்பார்; தெருமுனை திரும்பியதும் அப்பா நிறுத்தி ஒரு குத்துக் குத்திவிட்டுப் போவார். ரகசியம் எங்கள் மூன்று பேரோடு நின்றது. கடைசியில் அப்பா அதிகம் படுக்கவில்லை. நான்கே நாள் காய்ச்சல். மூன்றாம் நாள்கூடத் தம்பியிடம், "வண்டிய வெயில்ல வுடாத" என்று சொன்னார்.

அந்த நான்கு நாளும் கூடவே இருந்த டாக்டருக்கும், மருத்துவமனைச் சகோதரிகளுக்கும், முதல் ஆளாக வந்து நின்ற மெக்கானிக் பாய்க்கும், தாலுகா அலுவலக நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டை விட்டு நகராமல் எல்லாவற்றையும் தம் தலையில் போட்டுக்கொண்ட என் மாமனாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. சந்தன விஷயம் வருகிறதே! தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினேன். அம்மா முகம் மாறவே இல்லை.

"நான் வச்ச பொட்டு நடுவுல ஊக்கு குத்தன ஓட்டை இருந்தா எனக்குத் தெரியாதாடி? அப்பவே பாய்கிட்ட கேட்டேன். அது காத்து போற ஓட்டை, அடைச்சா வண்டி நின்னுடும்னு சொன்னாரு."

"தெரிஞ்சுமாம்மா அங்கயே வச்சிக்கினு இருந்த?"

"எடத்த மாத்தினா எனக்குத் தெரிஞ்சி போச்சின்னு அவருக்குத் தெரிஞ்சிடாதா? என் மனசு நோவக் கூடாதுன்னு அந்த மனுஷன் அத்தினி வருஷம் ஒளிச்சி வச்சிக்கினு இருந்தாரு. அத நான் ஏன் கெடுக்கணும்?"

"அப்ப மலர்ல எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதிக்கோ. இனிமே அவருக்குத் தெரியப் போறதில்ல."