மூன்றாவது குவியல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வேலை மாற்றலாகி கொல்கத்தா வந்து லேக் கார்டன்ஸில் குடியிருந்தோம். நிலாவுக்கு ஆறு வயது, தம்பி கவினுக்கு இரண்டரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி கொஞ்சம் தூங்கட்டும் என்று பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன். அங்கே அணில்கள் ஏராளம். வறுத்த வேர்க்கடலையை ஓடு உடைக்காமல் மரத்தடியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக இறங்கி வரும். நிலா எப்போதும் இரண்டு குவியல் வைப்பாள், அவளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. யார் குவியலுக்கு அணில் முதலில் வருகிறதோ அவர்களுக்கு வெற்றி.

அது டிசம்பர். ஏழரை மணியாகியும் மூடுபனி விலகவில்லை, எதிர்க்கரை தெரியவில்லை. அன்றைக்கு நிலா மூன்று குவியல் வைத்தாள்.

"மூணாவது யாருக்கும்மா?"

"மாஷிக்கு."

இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் பிள்ளைகள் மாஷி என்றுதான் கூப்பிடும், நாம் சித்தி என்கிற மாதிரி. நடைப்பயிற்சிக்கு வந்த யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

"எந்த மாஷி?"

"தம்பி பக்கத்துல ஒக்காந்திருக்காங்கல்ல," என்றாள், கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். போனை எடுத்து வீடியோ பிடித்தேன். இரண்டு குவியல்களிலும் அணில்கள் மொய்த்தன. மூன்றாவதை நோக்கி ஓடிய ஒன்று மட்டும் பாதியில் நின்றது. வால் சிலிர்த்து, கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது, பாம்பைக் கண்டால் கத்துமே, அந்தக் கத்தல். அடுத்த நொடி எல்லாம் மரத்தில் ஏறி, தலைகீழாக ஒட்டிக்கொண்டு, கவினைப் பார்த்துக் கத்தின. கவினை என்றுதான் முதலில் நினைத்தேன். திரையில் கவனித்தால், அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் புல்லைப் பார்த்து.

பாம்புதானோ என்று பயந்து, குச்சி ஒன்றை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் கவின் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பத்து நொடிகூட இருக்காது.

பனிக்குள் அவனுடைய மஞ்சள் குல்லா தெரிந்தது. தண்ணீரை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்தான். வலது கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது பிள்ளைகளின் கை இருக்குமே, அப்படி.

"கவின்! டேய், நில்லுடா!"

அவன் திரும்பவில்லை. அண்ணாந்து யாரையோ பார்த்துச் சிரித்தான்.

ஒரு கால் தண்ணீரில் இறங்கியபோது இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பதினொரு கிலோ பிள்ளை, நம்பினால் நம்புங்கள், வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். சட்டென்று விட்டது, இருவரும் கரையில் மல்லாந்து விழுந்தோம்.

நிலா பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எழுந்திருப்பா. மாஷி உன்னையே பாக்குறாங்க."

இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாலைக்கு வந்த பிறகுதான் கவினின் இடது கை மூடியிருப்பதைக் கவனித்தேன். விரல்களைப் பிரித்தேன். ஏழெட்டுக் கடலைப் பருப்பு. சிவப்புத் தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்து, தொண்டையில் சிக்காமலிருக்க முளையைக்கூடக் கிள்ளி எடுத்திருந்தது. அவனுக்கு ஓடு உடைக்கவே தெரியாது.

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க எங்க பாத்துட்டிருந்தீங்க?" போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் உங்களுக்கும் காட்டுகிறேன், அதில் பிள்ளைகளையும் அணில்களையும் தவிர ஒன்றுமில்லை.

இரண்டே மாதத்தில் பெஹாலாவுக்கு வீடு மாற்றிவிட்டோம். கவினுக்கு இப்போது ஐந்து வயது, எதுவும் நினைவில்லை என்கிறான். பள்ளிக்கூடம் போகும்போது, சாலையைக் கடக்க ஒரு கையை என்னிடம் கொடுப்பான். மறு கை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தொங்குவதில்லை.